பெர்கோலாக் கொடி ஏறவில்லை, பூக்கவில்லை, வாடுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பெர்கோலாவில், அதாவது தூண்கள்மேல் சட்டங்கள் போட்ட பந்தலில், படரும் கொடிக்குக் கோளாறு வந்தால் அது முதலில் தெரிவது மேலேதான். இலை மஞ்சளாகும், மொட்டு உதிரும், நுனி காயும். காரணமோ பெரும்பாலும் கீழே இருக்கும்: தூணடி மண்ணில், தண்டைக் கட்டிய இடத்தில், அல்லது தவறான நேரத்தில் போட்ட வெட்டில். இதைப் பார்க்காமல் மருந்து தெளித்தால் பணமும் போகும், கொடியும் தேறாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றைப் பாருங்கள். தூரிலிருந்து, அதாவது தண்டின் அடியிலிருந்து, ஒரு சாண் தள்ளி மண்ணை 10 செ.மீ. ஆழம் கிளறி, ஈரமா, வறட்சியா, சேறா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, தூர்ப்பகுதியைச் சுற்றிலும் வெடிப்பு, ஓட்டை, பிசின், பழைய கட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, மேல்தளத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்ற கணக்கு. காலை, நண்பகல், மாலை என மூன்று முறை போய்ப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்றிலேயே பிடித்துவிடலாம்.

கொடி நன்றாக வளர்கிறது, ஆனால் தூணில் ஏறவில்லை

செடிக்கு இதில் நோய் எதுவும் இல்லை. அந்தக் கொடி ஏறும் விதமும் நீங்கள் கொடுத்த பிடிமானமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கொடிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை.

சங்குப்பூ, முல்லை, விஸ்டீரியா, தண்டர்பெர்ஜியா போன்றவை தண்டையே சுற்றி ஏறும். கயிறு, கம்பி, மெல்லிய கழி எல்லாம் இவற்றுக்குப் பிடிக்கும். 15 செ.மீ. சதுரத் தூணை இளந்தண்டு சுற்ற முயன்று நழுவும். திராட்சை, பாஷன் பழக்கொடி, கொடிரோஜா (ஆன்டிகோனான், ரோஜா இனமல்ல), பீர்க்கு, புடல் ஆகியவை பற்றுக்கம்பி என்ற சுருள் இழையை விட்டுப் பிடிப்பவை. அந்தச் சுருள் மிக மெல்லியது, பென்சில் கனத்துக்கு மேற்பட்ட எதையும் அதனால் எளிதில் வளைத்துப் பிடிக்க முடியாது. க்ளெமாட்டிஸ் இலைக்காம்பால் பற்றும், அதற்கும் மெல்லிய கம்பிதான் வேண்டும். ஐவி, சுவரத்தி போன்றவை வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான மரமும் கல்லும் இவற்றுக்கு ஏற்றவை, பவுடர் கோட்டிங் பூசிய இரும்பில் ஒட்டாது. காகிதப்பூவும் ஏறு ரோஜாவும் தாமாக ஏறவே ஏறாது. முள்ளை மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் புதர்கள் அவை. ஒவ்வொரு கிளையையும் நீங்கள்தான் தூக்கிக் கட்ட வேண்டும். காகிதப்பூ என்றாவது தானாகச் சுற்றும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

சுற்றிப் படர்வனவற்றுக்கும் பற்றுக்கம்பி விடுவனவற்றுக்கும் தீர்வு ஒன்றே: தூணை ஒட்டி ஒரு செங்குத்துக் கம்பி. 2.5 மீட்டர் உயரத் தூணின் ஒரு பக்கத்துக்கு 2 முதல் 2.5 மி.மீ. கனமுள்ள துத்தநாகம் பூசிய கம்பி 3 மீட்டர், தலையில் வளையம் உள்ள திருகாணி 5, முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் 1 தேவைப்படும். கீழ் ஆணியைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், அதற்கு மேல் ஏறத்தாழ 55 செ.மீ.க்கு ஒன்றாகவும் அடியுங்கள். வளையம் தூணிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. விலகி நிற்க வேண்டும். இந்த இடைவெளி முக்கியம். கம்பி தூணோடு ஒட்டிக் கிடந்தால் நுனி அதன் பின்னால் நுழைந்து சுற்ற வழியே இருக்காது. கம்பியை மேல் வளையத்தில் முடிந்து, மற்ற வளையங்கள் வழியாக இறக்கி, கீழே டர்ன்பக்கிளில் இறுக்கினால் போதும்.

பற்றுக்கம்பி விடுபவற்றுக்கு இந்த ஒற்றைக் கம்பி ஏறிப் போகும் அளவுக்குத்தான் உதவும். மேல்தளத்தில் குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 30 செ.மீ. இடைவெளியில் கம்பி இழுத்து விடுங்கள், அல்லது 10 முதல் 15 செ.மீ. கட்டம் உள்ள வலை விரியுங்கள்.

சுற்றிப் படரும் கொடியைக் கையால் சுற்றிவிடும்போது திசையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு இனமும் ஒரே திசையில்தான் சுற்றும். மேலிருந்து பார்த்தால் சீன விஸ்டீரியா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், ஜப்பானிய விஸ்டீரியா கடிகாரத் திசையிலும் போகும். தானாகச் சுற்றிய ஒரு நுனியைப் பார்த்து அதே பக்கமாகச் சுற்றிவிடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கொடி அவிழ்ந்து வெளியே வந்துவிடும்.

இரும்புத் தூணில் இன்னொரு தொல்லை. உச்சி வெயிலில் இரும்பு கொதிக்கும், அதைத் தொடும் இளந்தளிரின் நுனி கருகும். கொடியின் வெயில் பக்கம் மட்டும் கருகி, நிழல் பக்கம் பச்சையாக இருந்தால் காரணம் இதுதான். தூணில் தென்னங்கயிறு அல்லது சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் சூடும் தணியும், பிடிமானமும் கிடைக்கும். கயிறு மக்கிப்போகும் பொருள் என்பதால் இற்றுப்போகும் முன் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு கிளை மட்டும் மெலிகிறது, கட்டிய இடத்துக்கு மேலே தண்டு வீங்கியிருக்கிறது

கட்டு நெரிக்கிறது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கட்டு பட்டையை அழுத்தினால் உணவு அங்கேயே தேங்கி மேல்பக்கம் வீங்கும், கீழே தண்டு ஒல்லியாகவே நிற்கும். மேலே இலை பச்சையாக இருப்பதால் வெகுநாள் ஏமாற்றிவிடும்.

கட்டை அறுத்து எடுங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டிருந்தால் பிடுங்காதீர்கள். வெளியே தெரியும் இரு முனைகளையும் நறுக்கிவிட்டு, உள்ளே உள்ளதை அப்படியே விட்டுவிட வேண்டும், பிடுங்கினால் மிச்சமுள்ள பட்டையும் கிழியும். இனிக் கட்டுவது சணல், பருத்தித் துணிக் கீற்று, மென்ரப்பர் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். தண்டுக்கும் கம்பிக்கும் நடுவில் கயிறு ஒருமுறை குறுக்கே போகும்படி, 8 என்ற எண்ணின் வடிவில் கட்டி, தண்டைச் சுற்றிய வளையத்தில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு விடுங்கள். வேகமாகப் பருக்கும் கொடிகளில் 6 மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் பார்த்துத் தளர்த்த வேண்டும்.

கீழே மொட்டைத் தண்டு, மேலே மட்டும் குடை

தூணைச் சுற்றிப் பூத்து நிற்கும் என்று நட்டது, தலைக்கு மேலே மட்டும் பூக்கிறது. நேராக மேல்நோக்கிப் போகும் தண்டில் நுனிமொட்டுதான் ராஜா. அதிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கீழே உள்ள பக்கமொட்டுகளை உறங்க வைக்கிறது. தண்டைச் சாய்த்தால் அந்த ஆதிக்கம் குறையும், பக்கமொட்டுகள் விழிக்கும்.

இளங்கொடி என்றால் சரிசெய்வது எளிது. 30 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளி, 3 அல்லது 4 தண்டுகளை எழுப்புங்கள். அவற்றை நேராக மேலே அனுப்பாமல் தூணைச் சுற்றிச் சாய்வாக ஏற்ற வேண்டும். ஒரு தண்டை இடுப்பளவில், ஒன்றைத் தோளளவில் மறுபடி கிள்ளுங்கள், மீதியை மேலே போக விடலாம். இப்படிச் செய்தால் பூக்கும் நுனிகள் வெவ்வேறு உயரத்தில் அமையும்.

முதிர்ந்த கொடியில் பொறுமை வேண்டும். மிக மூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மிச்சம். மூன்று ஆண்டில் முழுக் கொடியும் புதுசாகிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் காகிதப்பூ, ரங்கூன் மல்லி போன்றவை தாங்கும். ஆனால் வயதான பாஷன் கொடி திரும்பத் துளிர்க்காமலே போகலாம். ஒட்டுக்கட்டிய கொடி என்றால் ஒட்டு போட்ட இடத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டும். கீழே வெட்டினால் துளிர்ப்பது வேர்ச்செடியாக இருக்கும், நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் போய்விடும்.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ இல்லை

இதற்குக் காரணம் ஒன்றல்ல. கீழே உள்ள வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரே நேரத்தில் உரம், தண்ணீர், வெட்டு மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் வெயில். பெர்கோலாவில் ஏற்றும் பூங்கொடிகள் பலவற்றுக்கும் நாளுக்கு 5 முதல் 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். தூர் நிழலில் இருந்தால் பாதகமில்லை, தலை வெயிலில் இருக்க வேண்டும். பக்கத்து மரம் வளர்ந்து மேல்தளத்தை மறைத்திருந்தால் எந்த உரமும் உதவாது. மரக்கிளையைக் கழியுங்கள், அல்லது கொடியை வெயில் பக்கத் தூணுக்கு நகர்த்துங்கள்.

அடுத்து தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். இலை பெரியதாக, கரும்பச்சையாக, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு இருந்தால் தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது. கொடிக்கு யூரியாவே போடவில்லை என்பீர்கள், ஆனால் பக்கத்துப் புல்தரைக்குப் போட்டிருப்பீர்கள். கொடியின் வேர் அங்கே வரை போயிருக்கும். தழைச்சத்தை நிறுத்தி, செடிக்கு 20 முதல் 30 கிராம் பொட்டாசியம் சல்பேட்டைத் தூரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணில் கிளறித் தண்ணீர் விடுங்கள்.

மூன்றாவது தண்ணீர். இது முக்கியமாகக் காகிதப்பூவுக்கு. தினமும் தண்ணீர் கிடைத்தால் அது இலையாகவே ஓடும். இலை லேசாகத் தொங்கும் வரை பொறுத்து, அப்போது ஒருமுறை ஆழமாக நனைத்து, மறுபடி தொங்கும் வரை காத்திருங்கள். இப்படிச் சில சுற்று போனதும் மொட்டு தெரியும். மொட்டு தெரிந்த பிறகு வழக்கமான தண்ணீருக்குத் திரும்பிவிட வேண்டும், அப்போதும் காயவிட்டால் கொட்டிவிடும். இரவு நீளும் காலத்தில் நன்றாகப் பூப்பது காகிதப்பூவின் இயல்பு என்பதால், விடிய விடிய எரியும் பெர்கோலா விளக்கும் பூப்பைத் தள்ளிப்போடும். விளக்கைச் சுற்றி மட்டும் இலையாகவும் மற்ற இடத்தில் பூவாகவும் இருந்தால் ஐயம் வேண்டாம், விளக்கை அணையுங்கள்.

நான்காவது, வெட்டிய நேரம். அதிகம் தவறுவது இங்கேதான். புதுத் தளிரில் பூப்பவை ஒரு வகை: காகிதப்பூ, ரங்கூன் மல்லி, சங்குப்பூ, பாஷன். இவற்றைப் பூப்பருவத்துக்கு முன் வெட்டினால் தளிர் வந்து பூக்கும். சென்ற பருவத்துத் தண்டில் பூப்பவை இன்னொரு வகை: விஸ்டீரியா, வசந்தத்தில் பூக்கும் க்ளெமாட்டிஸ், ஆண்டுக்கொருமுறை பூக்கும் ஏறு ரோஜாக்களில் பல. இவற்றைக் குளிர்காலத்தில் ஒட்டக் கத்தரித்தால் அந்த ஆண்டுப் பூவை வெட்டிக் குப்பையில் போட்டதாக அர்த்தம். பூத்து முடிந்த உடனே வெட்ட வேண்டிய இனங்கள் அவை. உங்கள் கொடி எந்த வகை என்று தெரியாவிட்டால், பூக்கும்போது ஒரு பூவைப் பிடித்துத் தண்டோடு பின்னால் போய்ப் பாருங்கள். பூக்காம்பு பச்சைத் தளிரிலிருந்து வருகிறதா, பழுப்பேறிய முதிர்ந்த தண்டிலிருந்து நேராக வருகிறதா என்பது விடை சொல்லும்.

இதில் விஸ்டீரியாவுக்கு மட்டும் தனி முறை, ஆண்டில் இரண்டு வெட்டு. பூத்து இரண்டு மாதம் கழித்து, நீண்டு ஓடும் புதுச் சாட்டைகளை 5 அல்லது 6 இலை விட்டு நறுக்க வேண்டும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் அதே சாட்டைகளை 2 அல்லது 3 மொட்டு அளவுக்குக் குறைக்க வேண்டும். இந்தக் குட்டை முண்டுகளில்தான் பூக்குலை தொங்கும்.

திராட்சைக்குத் தனிக் கணக்கு. சென்ற ஆண்டு வளர்ந்த தண்டிலிருந்து இந்த ஆண்டு கிளம்பும் தளிரில்தான் குலை வரும். வெட்டாமலே விட்டால் காய்ப்பு ஆண்டுக்காண்டு தூரை விட்டு விலகிப்போய், நடுப்பந்தல் வெறும் கட்டையாகிவிடும். ஓய்வுக் காலத்தில், ரகத்தைப் பொறுத்து, முதிர்ந்த தண்டுகளில் 2 கணுவோ 6 முதல் 8 கணுவோ விட்டு வெட்டுங்கள். துளிர்க்கும் சமயம் வெட்டினால் வெட்டுவாயில் நீர் சொட்டும். பார்க்கப் பதற்றமாக இருக்கும், கொடிக்குக் கெடுதல் இல்லை, தானாக நிற்கும். அதன்மேல் எதையும் பூசத் தேவையில்லை.

கடைசியாக வயது. விதையிலிருந்து வந்த விஸ்டீரியா பூக்க 10 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஒட்டுச்செடி 3 அல்லது 4 ஆண்டில் பூக்கும். வாங்கும்போதே தூரில் ஒட்டு முடிச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், பூத்திருக்கும் செடியாக வாங்குவது அதைவிட நல்லது.

பூ வருகிறது, காய் பிடிக்கவில்லை (பாஷன் கொடி)

மஞ்சள் பாஷன் பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒரே செடியிலிருந்து வெட்டிப் பதியன் போட்ட 10 கொடி இருந்தாலும் அது ஒரு செடிக்குச் சமம்தான். வேறு விதையிலிருந்து வந்த இரண்டாவது கொடி வேண்டும். அதன் பூ நண்பகல் வாக்கில் விரியும். பெரிய கருவண்டுகள் வந்தால் வேலை நடக்கும், சிறு தேனீ மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு போய்விடும், பூவின் பெண் உறுப்பு நுனியான சூலகமுடியைத் தொடாது. வண்டு இல்லாத இடத்தில், பிற்பகலில் ஒரு கொடியின் பூவிலுள்ள மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்து, மற்றக் கொடியின் பூவில் மூன்று சூலகமுடிகளிலும் தடவுங்கள். ஊதாப் பழ ரகங்கள் பெரும்பாலும் ஒற்றைக் கொடியிலேயே காய்க்கும்.

மொட்டு வந்து, விரியாமல் உதிர்கிறது

உதிர்ந்த மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓட்டையும் நூல் பின்னலும் இருந்தால் மொட்டுப்புழு. மல்லிகை மொட்டு அடி வீங்கி ஊதா நிறமேறிக் காய்ந்தால் மொட்டு ஈ. மொட்டு சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஏற்ற இறக்கம்தான், ஒரு வாரம் காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று வெள்ளமாக விட்டிருப்பீர்கள்.

மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். ஆகவே மேலே தெளிப்பதைவிடக் கீழே பெருக்குவது பெரிய வைத்தியம். உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் வாரி அழித்து, தூரைச் சுற்றி மண்ணை 5 செ.மீ. கிளறி, செடிக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். மொட்டுப்புழுவுக்குத் தாக்கிய மொட்டுகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. தூருக்குப் பக்கத்து முதிய இலைகள் முழுவதுமாக வெளிறி விழுந்தால் தழைச்சத்துக் குறைவு. செடிக்கு 3 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு நனைத்து, அதன்மேல் சருகு போன்றவற்றால் மூடாக்குப் போட்டால் சில வாரத்தில் தேறும். முதிய இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம், லிட்டருக்கு 10 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்து. பெர்கோலாவில் இதற்கென்றே ஒரு காரணம் உண்டு. தூணுக்குப் போட்ட கான்கிரீட் அடித்தளத்திலிருந்தும், கட்டும்போது கொட்டிய சிமெண்டுக் கழிவிலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து பக்கத்து மண்ணைக் காரமாக்குகிறது. கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உடனடி நிவாரணம்: லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம், 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. கல், தூண், தரை மேல் பட்டால் துருக்கறை படியும், மூடிவிட்டுத் தெளியுங்கள். நிலையான தீர்வு மண்ணில்தான். தூரைச் சுற்றித் தோண்டி சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி எடுத்து, மக்கு உரம் நிறையக் கலந்து நிரப்ப வேண்டும். புதிதாக நடும்போது அடித்தளத்தின் விளிம்பிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தள்ளி, பெர்கோலாவின் வெளிப்பக்கத்தில் நடுங்கள். கொடியைத் தூணை நோக்கிச் சாய்த்து ஒரு குச்சியால் வழிகாட்டலாம். உள்பக்கத்தில் நட்டால் அடர்ந்த மேல்தளம் மழையைத் தடுத்துவிடும்.

வாடுகிறது

நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் நோய் இல்லை, இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. தினமும் 2 லிட்டர் ஊற்றுவதை விட்டுவிட்டு, 4 அல்லது 5 நாளைக்கு ஒருமுறை 15 முதல் 20 லிட்டரை மெதுவாக இறக்குங்கள். மணல் மண்ணில் இடைவெளியைக் குறைக்க வேண்டும். சற்று நேரம் கழித்துக் கம்பியால் குத்திப் பார்த்தால் 30 செ.மீ. வரை ஈரம் போயிருக்க வேண்டும். மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே நிற்கும்.

காலையிலும் வாடியே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகல். இந்த நிலையில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் கொடியைக் கொல்லும் வழக்கமான தவறு. 30 செ.மீ. கனசதுரக் குழி தோண்டி இருமுறை நீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் வடிகால் இல்லை. கொடியை 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தியில் மாற்றி நடுவதோ, பக்கத்தில் வடிகால் வெட்டுவதோதான் வழி. மேலே மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சிய வேருக்குச் சுமை குறையும்.

ஒரு கிளை மட்டும் வாடினால் அந்தக் கிளையைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். ஓட்டையும் மரத்தூளும் இருந்தால் தண்டு துளைப்பான். ஓட்டைக்கு ஒரு சாண் கீழே, உள்ளே சுத்தமாகத் தெரியும் வரை வெட்டி எரியுங்கள். ஓட்டை இல்லாமல், குறுக்கே வெட்டிய தண்டின் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் பூசணம். பாஷன் கொடியில் இது ஃபியூசேரியம் என்ற மண் பூசணமாக இருந்தால் மருந்து தேடி அலைய வேண்டாம். வேரோடு எடுத்து அழித்து, அதே குழியில் பாஷன் நடாமல் வேறு குடும்பத்துக் கொடியை வையுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பெரிய பூ க்ளெமாட்டிஸ் திடீரென்று கறுத்துத் தொங்கினால் மட்டும் நம்பிக்கை உண்டு. தரையோடு வெட்டிவிடுங்கள், ஆழமாக நட்டிருந்தால் அடியிலிருந்து துளிர்க்கும். அதனால்தான் அதைத் தொட்டியில் இருந்ததைவிட 5 முதல் 7 செ.மீ. ஆழமாக நடச் சொல்வது.

இலையில் பிசுக்கு, கறுப்புப் படலம், வெள்ளைத் தூள்

பெர்கோலாவுக்குக் கீழே நாற்காலி பிசுபிசுக்கிறது என்றால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ சாறு உறிஞ்சுகிறது. அந்தத் தேன்கழிவில் வளர்வதே கறுப்புப் படலம், பூச்சி போனால் அதுவும் போகும். எறும்பு இவற்றைக் காவல் காக்கும் என்பதால் தூணிலும் தூரிலும் எறும்பு ஏறாமல் தடுங்கள். தண்டில் காகிதப் பட்டை சுற்றி அதன்மேல் ஒட்டுப்பசை தடவலாம், பசையை நேராகப் பட்டையில் பூசக்கூடாது. பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், 1 மி.லி. திரவச் சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய 7 நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை தெளியுங்கள். பூ விரிந்து தேனீ வரும் நேரத்தில் வேண்டாம்.

அடியில் மெல்லிய வலையும் மேலே ஊசிப் புள்ளிகளும் இருந்தால் சிவப்புச் சிலந்திப் பேன். வறண்ட சூட்டில் பெருகுவது. குழாய்த் தண்ணீரை அடிப்பக்கமாக வேகத்தோடு பீய்ச்சினாலே பாதி குறையும்.

வெள்ளைத் தூள் சாம்பல் நோய். காற்று நுழையாத அடர்த்திதான் அதற்கு இடம் கொடுக்கிறது. கிளையைக் கழித்த பிறகு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும். அவசரத்தில் இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பாஷன் இலையைக் கூட்டமாக மென்று தீர்க்கும் முள்மயிர்ப் புழுக்கள் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். வளர்ந்த கொடி இதைத் தாங்கி மறுபடி தழைக்கும். சிறு கன்றில் மட்டும் கையால் பொறுக்கினால் போதும்.

மேல்தளம் மெத்தைபோல் அடர்ந்து, சட்டம் தொய்கிறது

வெளியில் பச்சை, உள்ளே காய்ந்த குச்சிக் குவியல். மழையில் நனையும்போது இதன் எடை பெருகும், காற்றுக்கும் பாய்மரமாகிவிடும். உத்திரத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். 3 மீட்டர் நீளத்துக்கு நடுவில் 1 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும்.

மேலிருந்து கத்தரித்துக்கொண்டே போனால் மேற்பரப்பு இன்னும் அடரும். கீழிருந்து ஆரம்பியுங்கள்: ஒரு மூத்த தண்டைத் தூரில் அறுத்து, ஒரு வாரம் விட்டால் அதன் இலை மட்டும் வாடும். எது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும், துண்டு துண்டாக வெட்டி உருவலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் சிறு சிறு துண்டாகத் தெரியும் அளவு போதுமானது. வெட்டும் முன் கூடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், குஞ்சு பறக்கும் வரை அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

விஸ்டீரியா போன்று பருக்கும் தண்டுகளைச் சட்டங்களுக்கு இடையே நுழையவிடாதீர்கள். விரலளவில் நுழைந்தது மணிக்கட்டளவு பருத்ததும் ஆணியோடு பலகையைப் பெயர்க்கும். தண்டு எப்போதும் சட்டத்தின் மேலே, கட்டப்பட்டுக் கிடக்க வேண்டும்.

மரத்தூண் ஆடினால் மண்மட்டத்தில் திருப்புளியால் குத்துங்கள். சிரமமின்றி 1 செ.மீ. இறங்கினால் அங்கே மரம் இற்றுவிட்டது. கொடிக்குப் போட்ட மூடாக்கு தூணோடு ஒட்டிக் கிடப்பது இதற்கு அடிக்கடி காரணமாகிறது, தூணைச் சுற்றி 10 செ.மீ. வெறுமையாக விடுங்கள். இற்ற அடியை அறுத்துவிட்டு, கான்கிரீட்டில் பதித்த இரும்புச் செருப்பில் தூணை ஏற்றி, மரம் தரையிலிருந்து 5 செ.மீ. உயர்ந்து நிற்கும்படி போல்ட் இடலாம். அந்த வேலை முடியும் வரை உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள், கொடியின் எடை முழுவதும் அதன்மேல்தான் இருக்கும்.

தொட்டியில் வைத்த கொடி இரண்டாம் ஆண்டு நின்றுவிட்டது

பெர்கோலா முழுவதும் படரும் கொடிக்கு 20 லிட்டர் தொட்டி காணாது, 50 லிட்டராவது வேண்டும். தண்ணீர் ஊற்றியதும் உடனே அடியில் வழிந்தால் உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். ஓய்வுப் பருவத்தில் வெளியே எடுத்து, சுற்றி ஓடிய வேரை வெளிப்புறத்தில் 3 செ.மீ. சீவி, அடிவேரை நறுக்கி, புது மண்கலவையில் வைத்து, மேலேயும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். காகிதப்பூவிடம் மட்டும் இந்த வேலையை அளவோடு செய்ய வேண்டும். அதன் வேர் எளிதில் ஒடியும், வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றுவது நல்லது. மாற்றியபின் ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும், துளிர் தெரியும் வரை உரம் வேண்டாம்.